ஓரமாகப் போனவன் விழுந்த கதை: நிலாவெளி வீதி விபத்து ஒன்றின் ஆய்வு

நான் சைக்கிள் பழகிய நாளில் சொல்லித்தரப்பட்ட முதல் வீதி விதி "ஓரமாகப் போ" என்பது. கடைசி விதியும் அதுவே. அப்பா சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், முகம் தெரியாதவர்கள் பஸ் யன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்கள். நாற்பது வருடம் அந்த விதிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி சனிக்கிழமை காலை, நிலாவெளிக்கும் சாம்பல்தீவுக்கும் இடையில், அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தேன். வலது காறை எலும்பு முறிந்தது.

பார்க்க வந்தவர்கள் தோடம்பழப் பையைக் கட்டிலோரத்தில் வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கொஞ்சம் ஓரமாகப் போயிருக்கலாமே?"

எனக்கு நில அளவைத் தொழில். எல்லைத் தகராறில் இரண்டு பக்கத்தாரும் சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டு நாடாவை விரிப்பது வழக்கம். இந்தக் கேள்விக்கும் எலும்பு கூடியபின் அப்படித்தான் பதில் தேடினேன். கீழே வருவது அந்த அளவையும், அதைச் சுற்றி நான் கேட்டதும் கணக்கிட்டதும்.

வீதியும் நாளும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகும் பி 424 வீதி, நகரத்தை விட்டு வடக்கே கிளம்பி, அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலுக்குத் துணையாகவே போகிறது. கிலோமீற்றர் கல் நட்டு எவ்வளவோ காலமாகியும் ஊரில் இன்னும் மைல் கணக்குத்தான்: மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை. பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை. சைக்கிளுக்கு இதைவிடச் சுகமான வீதி மாவட்டத்தில் இல்லை. பஸ்ஸுக்கும் வானுக்கும் அதே சுகம் இருப்பதுதான் சிக்கல்.

நான் சைக்கிளுக்குத் திரும்பியது 2022இல். அந்த வருடம் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. என் மோட்டார் சைக்கிள் மாமரத்தின் கீழ் நின்றுவிட்டது. வேலைக்கு நகரம் போயாக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பந்தயச் சைக்கிள் ஒன்றைச் சொன்ன விலைக்கே வாங்கினேன். பேரம் பேசுகிற காலமா அது? அந்த மாதங்களில் நிலாவெளி வீதியில் சைக்கிள்கள் நடுவாகவே போயின, இரண்டு பேர் கதைத்துக்கொண்டு சமாந்தரமாகக்கூடப் போனார்கள். எப்போதாவது வரும் பஸ் பின்னால் பொறுத்து நின்று, இடம் கண்டு, சுற்றிக்கொண்டு போனது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது, எரிபொருள் வந்தது, நாங்கள் எல்லோரும் ஒருவரும் சொல்லாமலே ஓரத்துக்குத் திரும்பினோம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. ஓரம் இப்போது இன்னும் ஒடுங்கியிருக்கிறது.

நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்கில் மழை பெய்யும்போது எங்கள் கடல் தட்டையாகக் கிடக்கும். ஆகஸ்ட் 19 திங்கட்கிழமை போயா விடுமுறை. ஆகவே 17ஆம் திகதி என்பது மூன்று நாள் விடுமுறையின் முதல் காலை. கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காலையிலேயே நிலாவெளியில் இறங்கிப் புறாத்தீவுக்குப் படகு பிடிக்க நினைப்பவர் இரவு இரண்டு மூன்று மணிக்குப் புறப்பட்டிருப்பார். ஹபரணைக்கு இப்பால் யானைக்குப் பயந்து பயந்து வந்து, கந்தளாயில் தேநீர் குடித்து, கடலைக் கண்டதும் கடைசிப் பத்து மைலை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார். அந்தப் பத்து மைல் எங்கள் வீதி. அவருக்கு அது பயணத்தின் வால். எங்களுக்கு அது பால்காரனும் பள்ளிப்பிள்ளையும் போகிற இடம்.

நடந்தது

காலை எட்டரை மணி. நிலாவெளியிலிருந்து தெற்கே, உவர்மலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேற்குக் காற்றான கச்சான் விடிந்ததிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் பூட்டியிருக்கும் மீற்றர் மணிக்கு 20 கிலோமீற்றர் காட்டியது.

பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம், நீளமாக இரண்டு தரம். தார் விளிம்பிலிருந்து ஒன்றரை முழத்தில் போய்க்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்க்காமலே விளிம்புக்கு ஒரு சாண் மட்டும் இருக்கும்வரை ஒதுங்கினேன். நாற்பது வருடப் பழக்கம். மூளைக்குத் தெரியாமலே கை செய்தது. முன்னாலிருந்து ஒரு வெள்ளை வான் வந்துகொண்டிருந்தது. அது போகும்வரை பஸ் பொறுக்கும் என்று நினைத்தேன். என் வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு தகரச் சுவர் எழுந்தது.

சுவர் எழுந்ததும் காற்று நின்றது. சைக்கிள் தானாகவே பஸ் பக்கம் சரிந்தது. பதறி இடப்பக்கம் வெட்டினேன். அதே நேரம் பஸ்ஸின் பின்புறம் என்னைக் கடந்தது. நின்ற காற்று மொத்தமாகத் திரும்பி வந்து தள்ளியது. முன்சில்லு தாரை விட்டு மணலில் இறங்கியது. மறுபடி தாருக்கு ஏற வலப்பக்கம் திருப்பினேன். சில்லு ஏறவில்லை. நான் மட்டும் ஏறினேன், தோள் முதலில்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் என் தலைக்கு ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த, தூரத்தில் பிரேக் பிடித்து நிறுத்தினார். "ஐயா, அசைய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை வீதிக்குக் குறுக்கே விட்டு மற்ற வாகனங்களை மறித்தார். பிறகு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தார். இதை எழுதக் காரணம் அந்த ஒழுங்கு. முதலில் வீதியை மறிப்பது, பிறகு தொலைபேசி. தூக்கி உட்கார வைத்துச் சோடா கொடுப்பதல்ல. கூட்டம் கூடியபின் சோடாவும் வந்தது, குடிக்கவில்லை.

பஸ் நிற்கவில்லை. அது என்னைத் தொடவும் இல்லை. நான் விழுந்ததை அந்தச் சாரதி கண்ணாடியில் கண்டிருப்பாரா என்பதே சந்தேகம். இலக்கத்தை நான் படிக்கவில்லை, படித்திருந்தாலும் இங்கே எழுதப்போவதில்லை. அவரைத் தேடுவதால் தெரியவரக்கூடியது குறைவு. அதே காலையில் அதே வீதியில் அதே மாதிரி இன்னும் பலர் ஓட்டியிருப்பார்கள்.

நாடா சொன்னது

கைத்தூளியை அவிழ்க்க ஏழு கிழமை ஆனது. ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மருமகனைக் கூட்டிக்கொண்டு, அவனிடம் சிவப்புக் கொடியைக் கொடுத்து நிறுத்திவிட்டு, நாடாவை விரித்தேன்.

விழுந்த இடத்தில் தாரின் அகலம் 6.4 மீற்றர். சாதாரணப் பயணிகள் பஸ் ஒன்றின் உடம்பு 2.5 மீற்றர் அளவு. வான் 1.8. இரண்டையும் கழித்தால் மிச்சம் 2.1. வான்காரர் தன் பக்கத்து விளிம்புக்கு அரை மீற்றராவது விட்டிருப்பார். பஸ்ஸுக்கும் வானுக்கும் நடுவில், கண்ணாடிகள் முட்டாமல் இருக்க, 60 சென்றிமீற்றர் வேண்டும். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு மீற்றர். விளிம்புக்கு ஒரு சாணில் சில்லு போனால் என் உடம்பும் கைப்பிடியும் அதில் அரைவாசியைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸின் இடதுபுறக் கண்ணாடி 20 சென்றிமீற்றர் வெளியே நிற்கும். கடைசியாக இருப்பது 30 சென்றிமீற்றர், அதாவது ஒரு சாணும் நான்கு விரலும்.

ஜெர்மனி 2020இல் தன் வீதிச் சட்டத்தில் இதை எண்ணாகவே எழுதியது: சைக்கிளைக் கடக்கும்போது ஊருக்குள் 1.5 மீற்றர், ஊருக்கு வெளியே 2 மீற்றர் இடைவெளி. அந்த ஒன்றரை மீற்றரை எங்கள் வீதியில் வைத்துப் பார்த்தேன். நான் விளிம்பில் அரை மீற்றர், இடைவெளி ஒன்றரை, பஸ் இரண்டரை: மொத்தம் 4.5. எதிர்ப்பக்கம் மிஞ்சுவது 1.9. அதற்குள் 1.8 மீற்றர் வானைச் செருக வேண்டும். முடியாது. எதிரே வாகனம் வரும்போது, சைக்கிள் எவ்வளவு ஒதுங்கினாலும், இந்த வீதியில் பஸ் ஒன்று பாதுகாப்பாகக் கடக்க இடமே கிடையாது.

இந்த இடத்தில் நாடாவைச் சுருட்டிவிட்டு மதகுக் கட்டில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் நான் ஒதுங்கியதால் என்ன நடந்தது? இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டியிருக்கிறேன். அவ்வளவுதான்.

மாற்றிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே போயிருந்தால் என் உடம்பு முக்கால் மீற்றரிலிருந்து ஒன்றேகால் மீற்றர் வரை நிற்கும். எனக்கும் வானுக்கும் நடுவே 2.85 மீற்றர். கண்ணாடிகளோடு சேர்த்து பஸ் 2.9. நுழையாது. நுழையாது என்பது ஐம்பது மீற்றர் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். 30 சென்றிமீற்றர் இருக்கிறதா இல்லையா என்பது பக்கத்தில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

கச்சான்

ஆனாலும் 30 சென்றிமீற்றரில் தப்பியவர்கள் பலர். நானே பல தரம் தப்பியிருக்கிறேன். அன்று தப்பாததற்குக் காரணம் காற்று.

கச்சான் மேற்கிலிருந்து வருவது. தெற்கே போகிறவனுக்கு அது வலது கன்னத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் நேராகப் போக வேண்டுமானால் உடம்பைச் சற்று வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சைக்கிள்காரர் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துகொள்கிறது. பஸ் பக்கத்தில் வந்ததும் காற்று மறைகிறது, ஆனால் சாய்வு அப்படியே இருக்கிறது. சாய்ந்த பக்கம் சைக்கிள் போகும். அதாவது பஸ்ஸை நோக்கி. போதாததற்கு, பெரிய வாகனத்தின் முன்முகம் காற்றை வெளியே தள்ளும், அதன் விலா உள்ளே இழுக்கும். எல்லாம் ஒரே விநாடிக்குள். பஸ் 60இல் வந்தது என்று வைத்தால், எனக்கும் அதற்கும் வேக வித்தியாசம் 40, விநாடிக்கு 11 மீற்றர். பத்து மீற்றர் பஸ் என்னைக் கடக்க ஒரு விநாடி முழுதாக ஆகாது. அந்த நேரத்துக்குள் காற்று நின்று, இழுத்து, திரும்பி வந்து அடிக்கிறது. கை என்னதான் செய்யும்?

காற்றோடு திசையும் மாறும் என்பதைப் பிறகுதான் வரிசைப்படுத்தினேன். கச்சான் காலத்தில் வடக்கே திரும்பி வரும்போது அது இடப்பக்கமிருந்து அடித்து வாகனங்களின் பக்கம் தள்ளும். ஒக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்து வரும் வாடை திரும்பினால் தலைகீழ்: அப்போது நகரத்துக்குப் போகிற பயணம்தான் நடுவீதிக்குத் தள்ளும். எங்கள் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளம் தள்ளுமுன் வானத்தைப் பார்ப்பார்கள். சைக்கிள் தள்ளுமுன் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ரயருக்குக் காற்றுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் மாவட்டத்திலேயே மோசமான இடம் கிண்ணியாப் பாலம். முன்பு பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த நீர், 2009இல் 396 மீற்றர் பாலமானது. மறைவுக்கு ஒரு பனையும் இல்லாத திறந்த நீர் இரண்டு பக்கமும். பலமான காற்று நாளில் அங்கே இறங்கி, நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகிறேன். இளைஞர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஏழு சென்றிமீற்றர்

விபத்தின் கடைசிப் படி, உண்மையில் எலும்பை முறித்த படி, தார் விளிம்பு. விழுந்த இடத்தில் தாருக்கும் மணலுக்கும் இடையே 7 சென்றிமீற்றர் இறக்கம். பழைய தாருக்கு மேல் புதுத் தார் போட்டு வீதி உயர்கிறது. மழை பக்கத்து மணலை அரித்து ஓரம் தாழ்கிறது. ஒவ்வொரு மாரியும் ஒரு விரல்.

இறங்குவது ஆபத்தில்லை. ஏறப் பார்ப்பதுதான் ஆபத்து. சைக்கிள் விழாமல் இருப்பது எப்படி என்றால், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சில்லு ஓடிப்போய் உடம்புக்கு அடியில் நிற்பதால். விளிம்பை உரசிக்கொண்டு போகும் சில்லு வலப்பக்கம் திரும்பினாலும் ஓட முடியாது. சுவரில் முட்டியது போல விளிம்போடு வழுக்கிக்கொண்டே போகும். உடம்போ ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே விழுவது மணலில் அல்ல, தாரில். வாகனங்கள் வருகிற பக்கம். நிலைமை எவ்வளவு நயவஞ்சகமானது என்று பாருங்கள்: பாதுகாப்பான பக்கத்திலிருந்து ஆபத்தான பக்கத்துக்கு நாமே பாடுபட்டு விழுகிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமலிருப்பது. இறங்கிவிட்டால் இறங்கியதுதான். கைப்பிடியை நேராகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து மணலிலேயே நிற்க வேண்டும். மணலில் சரிந்தாலும் சாரம் அழுக்காவதோடு போகும். பிறகு சைக்கிளைத் தூக்கித் தாரில் வைத்து ஏறலாம். உவர்மலைக்கு ஒரு நிமிடம் பிந்திப் போனால் அக்காவின் இடியப்பம் ஆறிவிடாது.

ரயரிலும் பங்கு இருக்கிறது. என்னுடையது 25 மில்லிமீற்றர் பந்தய ரயர், கல்லுப்போல காற்றடித்தது. அப்பாவின் 28 அங்குலச் சைக்கிளில் இருந்தது ஒன்றரை அங்குல ரயர். அது எதிலும் ஏறும், எதிலும் இறங்கும், மணலில் புதையாது. வேகமும் வராது என்பது வேறு. இப்போது என் சைக்கிள் சட்டகத்துக்குள் அடங்கக்கூடிய மிக அகலமான 32ஐப் பூட்டியிருக்கிறேன். சொந்த ஊர் வீதியில் பந்தய வீரன் மாதிரி ஒல்லி ரயரில் போனது ஆடம்பரம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அத்தானின் சாட்சியம்

அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. முப்பது வருடம் கனரக வண்டி. அளவைப் படத்தை அவருக்கு முன்னால் விரித்தேன். பார்த்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"தம்பி, நீ ஹோர்னுக்கு ஒதுங்கினாயா?"

"ஒதுங்கினேன், அத்தான்."

"அப்படியானால் நீ சம்மதம் சொல்லிவிட்டாய். நான் அடிக்கிற ஹோர்ன் ஒரு கேள்வி. வரவா என்று கேட்கிறேன். நீ ஒதுங்கினால் வா என்கிறாய். அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்ப்பதில்லை, எதிரே வருகிற வானைத்தான் பார்ப்பேன்."

நாற்பது வருடம் நான் அந்த ஹோர்னை அதட்டல் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மீற்றர் உள்ளே ஒருவன் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "திட்டுவேன்" என்றார் உடனே. பிறகு யோசித்து, "பிரேக்கும் பிடிப்பேன். திட்டிக்கொண்டே பிடிப்பேன். ஆளை அடிக்க யாருக்குத் தம்பி விருப்பம்?" என்றார்.

ஏன் பொறுக்க முடியவில்லை என்பதற்கும் அவரே கணக்குச் சொன்னார். தனியார் பஸ்ஸில் அன்றைய வசூல்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. பின்னால் வருகிற பஸ் முந்திவிட்டால் அடுத்த தரிப்பிடத்துச் சனம் அதில் ஏறிவிடும். வான் கடக்கும்வரை எனக்குப் பின்னால் பொறுத்து, மறுபடி வேகம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவரும் நானும் சேர்ந்து கணக்குப் போட்டோம். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடிக்கும் பழக்கம் ஒரு நாளில் நூறு தரம் நடக்கும் என்றார். தன் காலத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். முகத்தில் பெருமை இல்லை.

ஒரு விடயத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருவன் வீதியை அடைத்துக்கொண்டு போனால் பின்னால் சேரும் வரிசைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயம். அதற்கு என் பதில்: எதிர்ப்பக்கம் வெறுமையானதும் நானே ஒதுங்கிக் கையைக் காட்டி அனுப்புவேன். அவருக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. "அனுப்புவதற்கு நீ யார், பொலிஸா?" என்றார்.

மாற்றியதும் மாற்றாததும்

கைப்பிடியின் வலது முனையில் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றைப் பூட்டினேன். பந்தயச் சைக்கிளுக்கு அது அவலட்சணம். ஆனால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறவனின் கை, தலை திரும்பிய பக்கமே இழுக்கும். கண்ணாடி இருந்தால் கேள்வி வருமுன்பே கேட்கிறவனைப் பார்த்துவிடலாம். பஸ் வருவது தெரிந்து, எதிரே வாகனமும் வந்தால், விளிம்பிலிருந்து ஒரு மீற்றரில் நிற்கிறேன். ஹோர்னுக்கு அசைவதில்லை, இடது கையை இறக்கி, பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டுகிறேன். எதிர்ப்பக்கம் வெறுமையானதும் ஒதுங்கி, கடந்து போகிறவருக்குக் கையை உயர்த்துகிறேன். சிலர் பதிலுக்குச் சின்னதாக ஒரு ஹோர்ன் தட்டுகிறார்கள். திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அத்தான் சொன்னது போலவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு.

தலைக்கவசம் வாங்கினேன், ஆனால் அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078இன்படி சைக்கிள் தலைக்கவசத்தைத் தட்டையான இரும்பில் மோதவிட்டுச் சோதிக்கும் வேகம் விநாடிக்கு 5.42 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நான் விழுந்தது போன்ற விழுகைக்கு அது போதும். பஸ்ஸுக்குப் பதில் அது அல்ல. தலைக்கவசம் வாங்கிவிட்டாயா என்று கேட்டுத் திருப்திப்படுகிறவர்களுக்கு நாடா அளவைச் சொல்லத் தொடங்கியதும் அவசர வேலை வந்துவிடுகிறது.

ஒரு மீற்றர் விதி எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் ஆனதல்ல. கந்தளாய்ப் பக்கத்து ஏ 6 வீதியில், லொறிகள் ஓடும் இரவில், அந்த வீரத்தைக் காட்டுவது மடமை. ஊருக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர் அனுமதி. 15இல் போகும் சைக்கிளைப் பின்னாலிருந்து நெருங்கும் வேகம் 55, விநாடிக்கு 15 மீற்றர். சாரதி கண்டு உணர ஒன்றரை விநாடி, 23 மீற்றர். காய்ந்த தாரில் அழுத்திப் பிரேக் பிடித்துச் சைக்கிளின் வேகத்துக்கு இறங்க இன்னும் 17. மொத்தம் 40 மீற்றர், அதுவும் தூங்காத சாரதிக்கு. தாழ்த்திய வெளிச்சத்தில் கறுத்தச் சட்டைக்காரனை அதற்கு முன் காண்பது அரிது. அந்த வீதியில் இரவில் நான் வீதியோரத் தோள்பட்டையில் போகிறேன், அல்லது போவதேயில்லை. மாடுகளும் அங்கே இரவில் தாரின் சூட்டுக்குப் படுத்துக்கிடக்கும். மாட்டுக்காக வெட்டும் லொறி நம் மேல் வரும்.

வெளிச்சத்தில் ஒரு சின்ன விடயம், செலவும் குறைந்தது. முதுகில் ஒளிரும் பட்டி கட்டுவதைவிட இரண்டு கணுக்காலிலும் கட்டுவது மேல். கால் மேலும் கீழும் போவதால், தூரத்தில் வருகிற கண்ணுக்கு அது ஒரு கம்பமோ தகரமோ அல்ல, மிதிக்கிற மனிதன் என்று உடனே பிடிபடுகிறது. பின் சிவப்பு விளக்கை இப்போது பகலிலும் எரியவிடுகிறேன்.

நகரத்துக்குள் கதை வேறு. அங்கே வேகம் குறைவு, ஆனால் நிறுத்திய கார்களின் கதவுகள். கடை வாசலில் நிற்கும் காரிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் தள்ளிப் போகாவிட்டால், திறக்கிற கதவு நேரே மார்புக்கு வரும். இங்கேயும் ஓரம்தான் பொறி. கோட்டைப் பக்கம் மான்கள் கூட்டமாக வீதிக்கு வரும். எவ்வளவு அவசரக்காரரும் நிறுத்தி, யன்னலை இறக்கி, பிள்ளைக்குக் காட்டுகிறார். மான் ஓரமாகப் போவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

விளிம்பு இறக்கத்தைப் படத்தோடும் அளவோடும் உரிய இடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்கள். அந்தப் பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக அளந்தபோது விழுந்த இடத்தில் இறக்கம் 9 சென்றிமீற்றர். அங்கிருந்து ஐம்பது அடி தெற்கே ஒரு சில்லறைக் கடை. கடைக்காரர், மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்க வசதியாக, சொந்தச் செலவில் ஒரு ட்ரக்டர் கிறவல் பறித்துத் தாரோடு மட்டமாக அடித்துவிட்டிருக்கிறார். அவருடைய வேலி முதல் வேலி வரை, பன்னிரண்டு மீற்றருக்கு, இறக்கம் இல்லை.